கிழவன் சாகாத நாடகம்

உயர்தரம் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது பாடசாலைப் பரிசளிப்பு விழாவுக்கு நாங்கள் ஒரு நாடகம் பழகினோம். சிரிப்பு நாடகம். காணிக்காக அடித்துக்கொள்ளும் பிள்ளைகளைச் சோதிப்பதற்கு ஒரு கிழவன் செத்ததுபோல் நடிக்கிறான். பாயில் கிடந்தபடியே யார் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கடைசியில் எழும்பி உட்காருகிறான். அந்தக் கிழவன் நான்.

எங்கள் வகுப்பில் பையன்கள் குறைவு. இருந்தவர்களும் பயிற்சிக்கு நிற்கமாட்டார்கள். பொழுது சாயுமுன் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேரவேண்டும், இல்லையென்றால் தாய்மார் தெருவில் வந்து நிற்பார்கள். அதனால் மீசை வைக்கிற வேலையும் பெண்பிள்ளைகளான எங்களுக்கே வந்தது.

நாடகத்தை எழுதியவள் மேசையில் எனக்குப் பக்கத்தில் இருப்பவள். மெல்லிய உருவம், அதிகம் பேசமாட்டாள், கொப்பியில் மட்டும் வாய் கிழியப் பேசுவாள். கிழவனின் மூத்த மகளாக நடித்தவள் பேக்கரிக்காரரின் மகள். எங்கள் மூவரில் நெட்டை. குரலும் அப்படித்தான். செத்த தகப்பனின் தலைமாட்டில் இருந்து அவள் ஒப்பாரி வைக்கும் காட்சிதான் நாடகத்தின் உயிர். "ஐயோ என்ட அப்பா, என்னத் தனிய விட்டுப் போனீங்களே" என்று மாரில் அடித்து அழுதுவிட்டு, அதே மூச்சில் குரலைத் தாழ்த்தி, "அலுமாரித் திறப்பு எங்க கிடக்கு?" என்று தம்பியிடம் சாவியைக் கேட்பாள். பிறகு மறுபடியும் ஓவென்று எடுப்பாள். பயிற்சியில் அந்த இடம் வரும்போதெல்லாம் பிணமாகக் கிடக்கும் எனக்கு வயிறு குலுங்கும். பொறுப்பான டீச்சர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைப்பா.

நான் மண்டூர்ப் பக்கம். பாடசாலை வாவிக்கு அக்கரையில், எழுவான்கரையில். காலையில் பாதையில் ஏறுவேன். பாதை என்று நாங்கள் சொல்வது ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் தட்டைப் படகு. அக்கரையில் இறங்கினால் ஆமியின் சோதனைச் சாவடி. அடையாள அட்டை, பை, சாப்பாட்டுப் பெட்டி, எல்லாம் திறந்து காட்டி, வரிசையில் நின்று போகவேண்டும். எங்கள் கரை இயக்கத்தின் கையில் இருந்தது. இரண்டு பக்கமும் போய்வந்து பழகிவிட்டதால் அது எனக்கு ஒரு பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

வீட்டில் நான் செத்துக் கிடந்து பழகுவேன். மண்டபத்துச் சீமெந்துத் தரையில் நீட்டி நிமிர்ந்து கிடப்பேன். அப்பா வயலால் வந்து கால் கழுவிவிட்டு என்னைத் தாண்டி உள்ளே போவார். ஒருநாள் நின்று குனிந்து பார்த்தார். "செத்தவன் கண் இமைப்பானா மகள்?" என்றார். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "பொழுதுபடுற நேரம், எழும்பு அங்கால" என்று என்னை ஏசினா.

அதற்கு ஒரு கிழமை கழித்து அப்பா செத்துப்போனார்.

இரண்டு நாளாக எங்கள் பசு ஒன்றைக் காணவில்லை. அறுவடை முடிந்த காலம், மாடுகள் வட்டை என்கிற வயல்வெளிக்குள் இறங்கி மேய்ந்துகொண்டு எங்கும் போகும். அப்பா காலையில் அதைத் தேடிப் போனார். பத்து மணியளவில் அந்த வட்டைக்குள் மூன்று ஷெல் விழுந்தது. எதற்காக அடித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. அப்பாவை உழவு மெஷின் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். பசு அன்று பின்னேரம் தானாக வந்து பட்டியடியில் நின்றது. நான்தான் அதைக் கட்டினேன். கட்டிவிட்டுத் தண்ணீரும் வைத்தேன்.

நான் அழவில்லை. அழக்கூடாது என்று இருந்ததில்லை. அழுகை வரவில்லை, அவ்வளவுதான். பெரியம்மாவும் மற்றப் பெண்களும் என்னைக் கட்டிப்பிடித்து அழும்போது அவர்களுடைய தோளின் வியர்வையும் சேலையின் கற்பூர மணமும் மட்டும் எனக்குத் தெரிந்தது. எல்லாம் ஒரு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தது. தேத்தண்ணி ஊற்றினேன். கோப்பைகளைக் கழுவினேன். வந்தவர்களுக்குப் பாய் போட்டேன். "கெட்டிக்காரப் புள்ள, தாய்க்கு ஒத்தாசையா நிக்கிறாள்" என்று யாரோ சொன்னார்கள்.

எட்டாம் நாள் கடமை கழிந்த மறுநாள், மத்தியானத்துக்குக் கிட்ட, நாடகத்தை எழுதியவளும் பேக்கரிக்காரரின் மகளும் எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தார்கள். பாடசாலைச் சீருடையில் இருந்தார்கள். அதற்கு முன் அவர்கள் ஒருநாளும் வாவியைக் கடந்து வந்ததில்லை. அக்கரைத் தாய்மார் தங்கள் பெண்பிள்ளைகளை இந்தக் கரைக்கு விடமாட்டார்கள். வந்தால் இயக்கம் பிடித்துக்கொண்டு போய்விடும் என்ற பயம், திரும்பிப் போனால் ஆமி ஏன் போனாய் என்று கேட்கும் என்ற பயம். இவர்கள் வீட்டில் சொல்லாமல், பாடசாலைக்குப் போகிறோம் என்று கிளம்பி வந்திருந்தார்கள்.

அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார்கள். பிறகு என்னிடம் வந்தார்கள். நான் தேத்தண்ணி கொடுத்தேன். பேக்கரிக்காரி கோப்பையை வாங்கும்போது தேத்தண்ணி தளம்பிச் சட்டையில் ஊற்றுண்டது.

"என்னகா?" என்றேன்.

"ஒண்டுமில்ல. சென்றியில ஆமிக்காரன் நாடகக் கொப்பியக் கண்டுட்டான். இது என்ன எண்டான். நாடகம் எண்டன். நடிச்சுக் காட்டு எண்டு கையால காட்டினான்."

"மறுகா?"

"நடிச்சன். வேற என்ன செய்யிற? எல்லாரும் வரிசையில பாத்துக்கொண்டு நிக்க, ஒரு கிழவனுக்குக் காது கேக்காத மாதிரி நடிச்சன். அவனுக்குத் தமிழ் ஒண்டும் விளங்கல்ல. ஆனா சிரிச்சான். கொப்பியத் தந்துட்டான்."

அவள் சிரிப்பாகத்தான் சொன்னாள். மற்றவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காது கேக்காத கிழவன் நம்மட நாடகத்தில எங்க இருக்கான்?" என்று கேட்டேன்.

எழுதினவள் பையிலிருந்து கொப்பியை எடுத்து என் மடியில் வைத்தாள். புதுக் கொப்பி. "கொஞ்சம் மாத்தினன்" என்றாள். "பழையது நீளமாக் கிடக்கு எண்டு டீச்சர் சொன்னா."

பிரித்துப் பார்த்தேன். கொஞ்சம் மாற்றவில்லை. முழுவதும் வேறு. கிழவன் சாகவில்லை. பிள்ளைகளைச் சோதிக்க அவன் செவிடனாக நடிக்கிறான். பாய் இல்லை, வெள்ளைத் துணி இல்லை, தலைமாட்டில் விளக்கு இல்லை. நாற்பது பக்கத்தை அந்த எட்டு நாளில் அவள் எழுதியிருந்தாள். எழுத்து சில இடங்களில் சரிந்து கிடந்தது. நான் ஒவ்வொரு பக்கமாகத் தட்டி ஒப்பாரிக் காட்சியைத் தேடினேன். அதுவும் இல்லை. மூத்த மகளுக்கு இப்போது ஒரு காட்சியில் கிழவனின் காதுக்குள் கத்துவது மட்டும்தான் வேலை.

பேக்கரிக்காரியைப் பார்த்தேன். அந்த ஒப்பாரிக்காக அவள் எத்தனை நாள் பேக்கரிப் பின்வளவில் நின்று தொண்டை கட்டக் கட்டக் கத்தியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். அவள் வெளியே மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேற ஆரும் கிழவனா நடிக்கலாமே" என்றேன்.

"ஆரும் இல்ல" என்றாள் எழுதினவள்.

"பழைய நாடகம்தான் நல்லம்."

"நீ வாறியா, இல்லியா?"

இரண்டு மணிப் பாதைக்கு அவர்களைத் துறையடி வரையும் கூட்டிக்கொண்டு போய் விட்டேன்.

பெரியம்மாதான் எதிர்த்தா. "தகப்பன் செத்து மாசம் திரும்பல்ல. மீசை வெச்சுக்கொண்டு மேடையில ஆடப் போறாளா? ஊர் என்ன சொல்லும்?" அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. தலையை நிமிர்த்தாமலே, "இவள் வீட்ட இருந்து என்ன செய்யிறாள் அக்கா? கழுவின கோப்பையத் திரும்பக் கழுவுறாள். போகட்டும்" என்றா.

அப்படித்தான் திரும்பவும் பாடசாலைக்குப் போனேன். வகுப்பில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் இருவரும் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கவேண்டும். கிழவனின் வசனம் எனக்கு இரண்டு நாளில் பாடமாகிவிட்டது. பேச்சு அதிகமில்லை. மற்றவர்கள் கத்தும்போது ஒன்றும் நடக்காததுபோல வெற்றிலை இடிக்கவேண்டும். "நல்லாச் செய்யிற, அப்படியே இரி" என்று டீச்சர் சொன்னா. நான் எதையும் செய்யவில்லை. சும்மாதான் இருந்தேன்.

விழா அப்பாவின் முப்பத்தோராம் நாள் கடமை கழிந்து நாலைந்து நாளில் வந்தது. காலை பத்து மணிக்குத் தொடக்கம். மண்டபம் நிறையப் பெற்றோர். பெண்கள்தான் அதிகம். அம்மா வரவில்லை. பேக்கரிக்காரி கரியில் விளக்கெண்ணெய் குழைத்து எனக்கு மீசை கீறினாள். எழுதினவள் மேடையின் பக்கத்துத் திரைக்குப் பின்னால் கொப்பியோடு நின்றாள், யாராவது வசனம் மறந்தால் எடுத்துக்கொடுப்பதற்கு.

நாடகம் நன்றாகப் போனது. சனம் சிரித்தது. மூத்த மகள் என் காதுக்குக் கிட்ட வந்து, "அப்பா, காணி உறுதி எங்க?" என்று பத்திரத்தைக் கேட்டுக் கத்தும் இடத்தில்தான் அது நடந்தது. வாவிக்கு அந்தப் பக்கம், எங்கள் கரையில், ஷெல் விழுந்தது. ஒன்று. பிறகு கிட்டக்கிட்ட இரண்டு. மண்டபத்து ஓடுகள் அதிர்ந்தன. முன்வரிசையில் இருந்தவர்கள் எழும்பிவிட்டார்கள். பின்னால் இருந்தவர்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கதவைப் பார்த்து ஓடத் தொடங்கினார்கள். மேடையில் தம்பி, மருமகன், அயல்வீட்டுக்காரர் எல்லோரும் குந்திவிட்டார்கள்.

நான் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தேன்.

அது எனக்குக் கேட்டது. எந்தப் பக்கம் என்றும் தெரிந்தது. அம்மா தனியே இருக்கிறா என்றும் நினைத்தேன். ஆனால் உடம்பு திடுக்கிடவில்லை. உரலுக்குள் உலக்கை ஒரே அளவில் விழுந்துகொண்டிருந்தது.

பேக்கரிக்காரி மட்டும் குந்தவில்லை. என் தோளில் கைவைத்தபடி நின்றாள். அவள் சனத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தி, "பாத்தீங்களா! ஷெல்லடியும் இந்த மனிசனுக்குக் கேக்கல்ல, காணி உறுதியா கேக்கப்போகுது?" என்றாள்.

அது கொப்பியில் இல்லாத வசனம். யாரோ ஒரு தாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. அது பரவியது. கதவடியில் நின்றவர்களும் கிறுகித் திரும்பிப் பார்த்தார்கள். அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. சிலர் சிரித்துக்கொண்டே அழுதார்கள். வெளியே சத்தம் நின்றுவிட்டது. சனம் திரும்ப வந்து உட்கார்ந்தது. நாங்கள் நாடகத்தை முடித்தோம்.

மேடைக்குப் பின்னால் பேக்கரிக்காரி தேங்காயெண்ணெய் தொட்டு என் மீசையைத் துடைத்தாள். என் நாடியைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"உனக்குக் கேட்டுதா?"

"கேட்டது."

"மறுகா ஏன் அசையல்ல?"

"தெரியா."

எழுதினவள் கொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினாள். பேக்கரிக்காரி அவளைப் பார்க்கவில்லை. என் கன்னத்துக் கரியைத் துடைத்துக்கொண்டேயிருந்தாள். கரி போன பிறகும் துடைத்தாள்.

அன்று பாதை ஓடவில்லை. எழுதினவளின் வீட்டில்தான் தங்கினேன். எங்கள் ஊரில் யாருக்கும் ஒன்றுமில்லை, வெறும் காட்டுக்குள் விழுந்தது என்று பின்னேரமே செய்தி வந்தது. பேக்கரிக்காரி சூட்டோடு பாண் கொண்டுவந்தாள். மூவரும் பருப்புக் கறியில் தோய்த்துத் தின்றோம். மறுநாள் முதல் பாதையில் வீட்டுக்குப் போனேன். அம்மா துறையடியிலேயே நின்றா. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சிரிச்சாங்களா?" என்று கேட்டா. "ஓம்" என்றேன். "அது நல்லம்" என்று முன்னால் நடந்தா.

அதற்குப் பிறகும் நான் அப்படியேதான் இருந்தேன். மாரி மழை தொடங்கியது, வாவி பெருகியது, பாடங்கள் நடந்தன. அவர்கள் இருவரும் என்னை ஆறுதல்படுத்த முயலவில்லை. எனக்காக இடம் பிடித்து வைத்தார்கள். நான் வராத நாட்களின் குறிப்பை எழுதி வைத்தார்கள். நான் பேசாவிட்டாலும் என்னைச் சேர்த்தே பேசினார்கள்.

தை மாதம் ஒருநாள், இடைவேளையில், பேக்கரிக்காரி என் பேனையைக் கேட்காமல் எடுத்து எழுதி முனையை வளைத்துவிட்டாள். அது ஒரு சாதாரணப் பேனை. ஆனால் எனக்குத் தலைக்குள் சுர்ரென்று ஏறியது. "உனக்கு அறிவில்லையா? மற்றவங்கட சாமான கேட்டு எடுக்கத் தெரியாதா?" என்று வகுப்பே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். தொண்டை எரிந்தது. காது இரண்டும் சூடாகிவிட்டது.

அவள் பேனையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. மற்றவளின் முழங்கையில் இடித்து, "கேட்டியாகா, ஏசுறாள்!" என்றாள். எழுதினவளும் சிரித்தாள். அவர்கள் சிரிக்கச் சிரிக்க எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. புத்தகங்களை அள்ளிக்கொண்டு பின்மேசைக்குப் போய்விட்டேன். இரண்டு நாளாக இருவரோடும் நான் பேசவில்லை.