கோணலாக நின்ற பக்க அறை

ஜெர்மனியின் டோர்ட்மண்டில் என்னோடு ஒரே மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்த அண்ணை, ஓய்வு பெற்றதும் பழைய வோன்மொபில் ஒன்று வாங்கினார். உள்ளேயே படுத்து, சமைத்துப் பயணம் போகும் வாகனம். பொத்தானை அழுத்தினால் இருக்கையும் மேசையுமாக ஒரு பக்கம் முழுவதும் வெளியே நகர்ந்து அறை பெரிதாகும். இரண்டு பயணம் போவதற்குள் அவர் மனைவி, எங்களுக்கு அக்கா, அவவுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை. வாகனம் சும்மா நிற்கிறதே என்று சாவியை எங்களிடம் தந்தார்.

வடகடல் கரையில் பிள்ளைகளோடு ஐந்து நாள் நின்றோம். புறப்படும் காலை, மேசையில் பூட்டித் தேங்காய் திருவும் திருவலையை எடுத்துவைக்கச் சொன்னாள் மனைவி. இடத்தைக் காலி செய்யும் நேரம் நெருங்கியிருந்தது. அதை இருக்கையோரம் தரையில் போட்டுவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். பாதியில் ஏதோ கடகடத்தது. நிறுத்தச் சொன்னாள். நான் கேட்காமல் இன்னும் மூன்று தடவை அழுத்தினேன். பின்பக்கம் உள்ளே வந்தது, முன்பக்கம் வரவில்லை. அறை கோணலாக இறுகிவிட்டது. அப்படியே தெருவில் ஓட்ட முடியாது.

மோட்டார் பழசாகிவிட்டது போல என்று அண்ணைக்குத் தொலைபேசியில் சொன்னேன். உடனே ரயில் ஏறினார்.

அவர் வருமுன் குனிந்து டோர்ச் அடித்துப் பார்த்தேன். திருவலை இடுக்கில் நசுங்கிக் கிடந்தது. நெம்பி எடுத்து உடுப்புப் பைக்குள் ஒளித்தேன். மனைவி பார்த்துக்கொண்டு நின்றாள். மறுபடி அழுத்தினேன்; அறை அசையவில்லை. அடியில் அறையை நகர்த்தும் பல்லுச்சட்டம் பல் மாறியிருந்தது.

மாலையில் திருத்துகிற ஆயுதங்கள் வைத்த பையோடு வந்த அண்ணை ஈரப் புல்லில் மல்லாந்து படுத்து, மோட்டாரைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். நான் வெளியே நின்று முன்பக்கத்தைத் தள்ளினேன். நாடாவால் இரண்டு பக்கமும் அளந்து அளந்து, இரண்டு மணி நேரத்தில் அறையை நேராக உள்ளே கொண்டுவந்தார். எழும்பிக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"என்ர பிழைதான் தம்பி. கிறீஸ் போடவேணும் எண்டு நினைச்சு நினைச்சு விட்டிட்டன். உம்மட பிள்ளையளின்ர லீவையும் கெடுத்துப்போட்டன்."

"பரவாயில்லை அண்ணை" என்றேன்.

அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. குற்றம் செய்தவன் நான்; மன்னித்தவனும் நானாகிவிட்டேன்.

சில மாதங்களில் அவர் வாகனத்தை விற்றுவிட்டார். பக்க அறையில் பழுது உண்டு, தான்தான் கவனிக்காமல் விட்டது என்று வாங்கியவரிடம் சொல்லியே விற்றாராம். அக்கா சொல்லி மனைவி அறிந்தாள்.

"இப்பவாவது சொல்லுங்கோவன்" என்றாள்.

தொலைபேசியை எடுத்தேன். அண்ணையின் குரல் கேட்டதும் அக்காவின் முழங்காலைப் பற்றி விசாரித்தேன். இப்போது நன்றாக நடக்கிறா, கடல் பார்க்கவேண்டும் என்கிறா, ரயிலில்தான் கூட்டிப்போகவேண்டும் என்றார். நல்லது அண்ணை என்று சொல்லி வைத்துவிட்டேன்.