முந்நூற்று ஏழு

கெர்லிண்டே சவாட்ஸ்கி வாயைத் திறந்தால் எண்தான் வந்தது.

தண்ணீர் என்று சொல்லத்தான் நினைத்தாள். அந்தச் சொல் தொண்டை வரை வந்து, உதட்டில் வேறாக மாறியது. "நாப்பத்தொண்ணு," என்றாள். செவிலி தலையணையைச் சரிசெய்துவிட்டுப் போய்விட்டாள்.

பக்கவாதம் வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. வலது கை செத்துக் கிடந்தது. காதும் புத்தியும் நன்றாகவே இருந்தன. அதை யாருக்கும் சொல்ல வழியில்லை. வியாழக்கிழமை டாக்டர் வெஸ்ஸெல் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். அதில் 'புரிதல் உண்டு' என்று எழுதினால் பேச்சுப் பயிற்சி, பிறகு பொட்ராப் நகரில் அவளுடைய சொந்த வீடு. 'இல்லை' என்று எழுதினால் வெளிக்கதவு பூட்டியே இருக்கும் ஒரு பராமரிப்பு இல்லம். இதையெல்லாம் டாக்டர் அவள் மகள் கோர்டுலாவிடம் கட்டிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்றபடி விளக்கினார். நடுவில் படுத்திருந்த கெர்லிண்டே ஒரு சொல் விடாமல் கேட்டாள்.

தினமும் காலையில் அவர் மகளைக் காட்டிக் கேட்பார்.

"திருமதி சவாட்ஸ்கி, இவங்க யாரு?"

"முந்நூத்தி ஏழு."

அவர் தாளில் ஒரு பெருக்கல் குறி போடுவார்.

கோர்டுலா லிஃப்ட் கம்பெனியில் பொறியாளர். அழாமல் கட்டம் போட்ட நோட்டை எடுத்தாள். அம்மா சொன்ன ஒவ்வொரு எண்ணையும் நேரத்தோடு எழுதினாள். பிறந்த தேதிகளோடு ஒப்பிட்டாள், தொலைபேசி எண்களோடு ஒப்பிட்டாள். ஒன்றும் பொருந்தவில்லை. ஒரு நாள் எழுந்து போய், பத்து நிமிடத்தில் திரும்பி வந்தாள்.

"மூணாவது மாடி ஏழாம் ரூம் இல்லம்மா. அங்க ஒருத்தர் முழங்கால் கட்டோட குறுக்கெழுத்து போட்டுட்டிருக்கார்."

நோட்டில் 'அறை அல்ல' என்று எழுதிக்கொண்டாள். கெர்லிண்டே அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். மகள் அதை நடுக்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

எண்கள் வந்த கதை இதுதான். கெர்லிண்டே இருபத்துமூன்று வயதில், பல ஊர்களில் கிளையுள்ள ஒரு மலிவுவிலைக் கடையில் கல்லாவில் உட்கார்ந்தாள். அங்கே பொருள்மீது விலை ஒட்டமாட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. பொருளைப் பார்த்ததும் விரல் அந்த எண்ணைத் தட்ட வேண்டும். மொத்தம் அறுநூறு. பட்டியல் கடையைத் தாண்டி வெளியே போகக்கூடாது என்பதால் இடைவேளை அறையில் ரொட்டியை மென்றபடி மனப்பாடம் செய்தாள். பட்டியல் மாறினால் பழையதை மறந்து புதியதைப் படிக்க வேண்டும். வாடிக்கையாளர் பையைத் திறப்பதற்குள் அவள் கணக்கை முடித்திருப்பாள். அம்மா விலையைத்தான் தட்டுகிறாள் என்று மகள் நினைத்திருந்தாள்.

ஸ்கேனர் வந்தபோது கெர்லிண்டே வருத்தப்படவில்லை. ஒழிந்தது சனியன் என்றாள். எண்கள் தலையை விட்டுப் போய்விட்டன என்றே நம்பினாள். இப்போது மற்ற சொற்கள் எல்லாம் போன பிறகு அவை மட்டும் மிஞ்சியிருந்தன.

வியாழக்கிழமை, டாக்டர் வருவதற்குச் சற்று முன்னால், மார்லீஸ் வந்தாள். பக்கத்துக் கல்லாவில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்தவள். அவள் குரல் தாழ்வாரத்திலேயே கேட்டது.

"என்னடி, மகாராணி மாதிரி படுத்திருக்க?"

"நூத்தி நாப்பத்தெட்டு," என்றாள் கெர்லிண்டே.

"டாக்டர் விடுவாரா? பக்கவாதக்காரிக்கு எவன்டி காப்பி குடுப்பான்?"

கோர்டுலாவின் பேனா நின்றது. "என்ன சொன்னீங்க?"

"காப்பி கேக்குறா. அரைக்கிலோ பொட்டலம், பச்சை நிறம். இரு இரு, அது பழைய பட்டியல். புதுசுல நூத்தி நாப்பத்தெட்டு பூனைத் தீனி. ஏய், எந்தப் பட்டியல்டி?"

கெர்லிண்டே சிரித்தாள். வாயின் ஒரு பக்கம்தான் சிரித்தது. ஒரு வாரத்தில் முதல் சிரிப்பு.

கோர்டுலா நோட்டைப் புரட்டினாள். "நாப்பத்தொண்ணு?"

"சோடாத் தண்ணி."

"அறுபத்திரண்டு?"

"சோப்பு. அவளைக் குளிப்பாட்டவே இல்லையா நீங்க?"

அடுத்த எண்ணைக் கேட்பதற்குள் டாக்டர் படிவத்தோடு உள்ளே வந்தார். கோர்டுலா அவசரமாக விளக்கினாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"மனப்பாடம் பண்ணது தானா வெளிய வரும். அதைப் புரிதல்னு எழுத முடியாது." கட்டில் பக்கம் திரும்பினார். "திருமதி சவாட்ஸ்கி, இவங்க யாரு?"

"முந்நூத்தி ஏழு."

"அது என்ன பொருள்?" என்று மார்லீஸைக் கேட்டார்.

"சாக்லேட் வேஃபர்."

"மகளைப் பாத்து வேஃபர்ங்கறாங்க," என்றார் டாக்டர். கோர்டுலா நோட்டை மூடிவிட்டாள்.

கெர்லிண்டே மார்லீஸையே பார்த்தாள். சொல்லித் தொலையேன்டி என்று கண்ணால் கெஞ்சினாள்.

"டாக்டரே, பேனாவைக் கொஞ்சம் கீழ வைங்க," என்றாள் மார்லீஸ். "இந்தப் பொண்ணு பள்ளிக்கூடம் விட்டதும் நேரா கடைக்கு வருவா. சரக்கறை வாசல்ல காலிப்பெட்டி மேல ஒக்காந்து தினம் ஒரு வேஃபர் திம்பா. வாடிக்கையாளருங்க முன்னாடி வீட்டுப் பேச்சு கூடாதுன்னு மேலாளர் உத்தரவு. அதனால 'முந்நூத்தியேழு வந்தாச்சு'ன்னு நான் பக்கத்துக் கல்லாவுலேர்ந்து இவளுக்கு மட்டும் கேக்கற மாதிரி குரல் குடுப்பேன். பிள்ளை பத்திரமா வந்துட்டான்னு இவளுக்குத் தெரிஞ்சிடும். எங்க ரெண்டு பேருக்குள்ள இந்தப் பொண்ணு பேரே அதுதான். கோர்டுலான்னு ஒரு பேர் இருக்கறதே கல்யாணப் பத்திரிகை வந்தப்பதான் எனக்குத் தெரியும்."

டாக்டர் சற்று யோசித்துவிட்டு மார்லீஸைச் சுட்டிக்காட்டினார்.

"சரி. அப்போ இவங்க யாரு?"

கெர்லிண்டே அவளை மேலும் கீழும் பார்த்தாள். அவசரப்படவில்லை.

"ஐநூத்திப் பன்னெண்டு."

"நாசமாப் போறவளே," என்றாள் மார்லீஸ். "வினிகர்ங்கறா. வாயைத் திறந்தா புளிப்புன்னு அப்பவே சொல்லுவா."

டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு பழைய தாள்களை எடுத்து, தான் போட்ட பெருக்கல் குறிகளை ஒவ்வொன்றாக அடித்தார். படிவத்தில் எழுதியதை எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார்: "புரிதல் உண்டு. கேலியும் உண்டு."

கெர்லிண்டே கண்களை மூடினாள். மகள் தன் முகத்தை அம்மாவின் நல்ல கைக்குள் புதைத்துக்கொண்டு, எழாமலே கேட்டாள்:

"காப்பிதானேம்மா? பூனைத் தீனி இல்லையே?"

பொட்ராப் வீட்டுக்கு அவள் திரும்பினாள். மார்லீஸ் பழைய பட்டியலை ஞாபகத்திலிருந்து எழுதிக் குளிர்சாதனப் பெட்டிமேல் ஒட்டினாள். ஏழு இடத்தில் தப்பு. கெர்லிண்டே இடது கையால் திருத்தினாள். பயிற்சியில் சில சொற்கள் திரும்பி வந்தன, பல வரவில்லை. நாலரை வருடம் கழித்து ஒரு மார்ச்சில் இறக்கும் வரை எண்ணும் சொல்லும் கலந்தே பேசினாள்.

மணி அடித்தால் யார் என்று கேட்கும் சொல் கடைசி வரை அவளுக்கு வரவில்லை. அதனால் கோர்டுலா வெளியே நின்று தன் எண்ணைச் சொல்வாள். கதவு திறக்கும்.