வசந்தா டாக்டர் வேண்டாமென்ற குட்டிகள்

மலையிலிருந்து புளி ஏற்றி வந்த லாரிக்காரர்தான் சொன்னார்: “நம்ம வசந்தாம்மா போய்ட்டாங்க சார்.” நான் வேலை பார்க்கும் கண்ணமங்கலம் கால்நடை மருத்துவமனை வாசலிலேயே அழுதுவிட்டேன். அழும்போதும் அந்த ‘நம்ம’ உறுத்தியது. என்னை இங்கே யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அவரை அறிந்த உங்களிடம் மறைப்பானேன்? கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்தோம். அவருக்கு மலைமேல் காவலூர்ப் பக்கம் வேலை, எனக்கு அடிவாரம். என் ஊர் நாய்கள்கூட பஸ் ஏறி அவரிடம் போயின.

என் அல்சேஷன் ராஜாவைப் பார்த்தவர்கள் அசந்துபோவார்கள். காட்டுப்பன்றியை விரட்டும் காவலுக்கு அவன் குட்டிகள் வேண்டுமென்று மலைக்காரர்கள் கேட்டார்கள். ஒரே ஈற்றுக் குட்டிகளில் கொழுத்ததாக எடுத்து, களியும் கறியும் திணித்துச் சீக்கிரம் வளர்ப்பது அவர்கள் வழக்கம். நெல்லிவாசல்நாட்டு மலைக்காரர் காளி தன் பெட்டை நாயோடு வந்திருந்த அன்று வசந்தாவும் வந்தார். ராஜாவைத் தொடவே இல்லை. படுத்திருந்தவனை எழுப்பச் சொன்னார். அவன் முன்னங்காலை ஊன்றி, இடுப்பை இழுத்துக்கொண்டு எழுந்தான். பின்னங்கால்கள் இரண்டையும் சேர்த்து வைத்து முயல்போல ஓடினான்.

“இடுப்புக் குழியில எலும்பு சரியா உட்காரல, நடராஜ். குட்டிங்களுக்கும் வரும். இவன சேர்க்க வேணாம்.”

“அம்மா சொன்னா சரிதாங்க,” என்று காளி கிளம்பிவிட்டார். என் வீட்டில், என் நாயை வைத்துக்கொண்டு!

வேலூரில் எக்ஸ்ரே எடுத்தேன். அவர் சொன்னதுதான் சரி. ராஜாவுக்குக் கருத்தடை அறுவையும் அவரே செய்தார். தையல்கூட என்னுடையதைவிட நேர்த்தி. பற்றிக்கொண்டு வந்தது.

“குட்டியப் பார்த்து மயங்காதீங்க. வயசான தாயும் தகப்பனும் மேடு ஏறுதான்னு பாருங்க,” என்று ஊர் ஊராகச் சொன்னார். “வளர்ற குட்டிக்குக் கொழுப்பு ஏத்தாதீங்க.” நானும் இதையெல்லாம் படித்தவன்தான். நான் சொன்னால் தலையாட்டினார்கள், அவர் சொன்னால் செய்தார்கள். சில வருடங்களில் இடுப்பு விழுந்த காவல் நாய்கள் மலையில் அரிதாகிவிட்டன.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு பழக்கம். எந்த நாயையும் தொடுமுன் அது எழுவதைப் பார்க்கிறேன். போன வாரம் அப்படிப் பார்த்து, “இதுக்குக் குட்டி வேணாம்” என்றேன். நாய்க்காரர் சிரித்தார்.

“இன்னா சார், அப்படியே வசந்தாம்மா மாதிரியே சொல்றீங்க.”

இந்த முறை அவர் தலையாட்டிவிட்டுப் போகவில்லை. நான் சொன்னதைச் செய்தார். அதுவும் வசந்தாவுக்காகத்தான்.