அடுப்பில்லாமல் கட்டச் சொன்ன வீடு

நான் கட்டிய வீடுகளிலேயே சின்னது செந்துறைப் பக்கத்தில் ஒரு பண்ணைக்காரருக்குக் கட்டியதுதான். அவருடைய பெரிய வீட்டுக்குப் பின்னால், எருக்குழிக்குப் பக்கத்தில், உள்ளளவு பதினாறுக்குப் பத்து அடி. முதல் நாள் நூல் பிடிக்கும்போதே, "அகலம் பன்னண்டு வச்சா புள்ளைங்க காலு நீட்டிப் படுக்கும் எசமான்" என்றேன்.

"பன்னண்டு ஆகாது. மனையடி சாஸ்திரம் பாத்துத்தான்யா சொல்றேன். பெரிய வூட்டுக்குக் கேடு."

குடியிருக்கப் போவது அவர் தங்கை. கேடு மட்டும் இவரைத் தேடி வருமாம்! அந்தப் பத்தடியை முடிவு செய்ய மூன்று நாள் சோசியரோடு உட்கார்ந்திருந்தார் மனுஷன்.

அப்போது சண்டைக் காலம். தங்கை தனபாக்கியத்தின் புருஷன் மலேயாவில் ரப்பர் தோட்டத்தில் இருந்தார். ஜப்பான்காரன் புகுந்த பிறகு கடுதாசியே இல்லை. இரண்டு பெண் குழந்தைகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்த மறுநாளே அந்த வீட்டு அடுப்படி முழுக்க அவள் தலையில் விழுந்தது. பண்ணையாட்களையும் சேர்த்து இருபது பேருக்கு ஆக்கிப் போட வேண்டும். அண்ணிக்காரி அன்றைக்குக் கட்டிலில் படுத்தவள்தான், அதற்குப் பிறகு தினமும் வெயில் ஏறித்தான் எழுந்திருப்பாள். வருகிற விருந்தாளிகளுக்கு அறை போதவில்லை என்றுதான் தங்கையைப் பின்பக்கம் தள்ள இந்த வீடு. ஊரிலோ, "தங்கச்சிக்குத் தனி வூடே கட்டித் தராரு" என்று பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவரும் இவரேதான்.

பிளான்

எங்கள் பிளான் எல்லாம் குச்சியால் மண்ணில் கீறுவதுதான். தென்கிழக்கு மூலையில் அடுப்பு, அதற்கு மேலே புகைபோக்கி என்று கீறிக் காட்டினேன். பண்ணைக்காரர் செருப்புக் காலால் அதை அழித்தார்.

"அடுப்பெல்லாம் வேணாம்."

"அடுப்பு இல்லாம என்னங்க வூடு?"

"தனி அடுப்பு வச்சா அண்ணனும் தங்கச்சியும் பிரிஞ்சுட்டாங்கன்னு ஊரு பேசும்யா. சோறு பெரிய வூட்டுலயே தின்னுக்குவா. படுக்க ஒரு எடம், அவ்வளவுதான்."

பிரிவாம், மானமாம்! சம்பளமில்லாத சமையல்காரி கையை விட்டுப் போய்விடுவாள் என்ற பயத்துக்கு இத்தனை பெயர்கள். அப்போதே கொத்துக்கரண்டியைக் கழுவிக்கொண்டு நான் கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. பர்மிட் இல்லாமல் சிமெண்ட் கிடைக்காத காலம், வேலையே அரிது. அரியலூரிலிருந்து வண்டியில் சுண்ணாம்பு வந்து இறங்கியது, நானும் வாயை மூடிக்கொண்டு சுவர் எழுப்பினேன்.

சுவர் இடுப்பளவு வந்தபோது தனபாக்கியம் மோர் கொண்டுவந்தாள்.

"மேஸ்திரி, எல்லாரும் தின்னு முடிச்சு மிச்சம் இருந்தாத்தான் எம் புள்ளைங்களுக்கு. இந்த ஊருக்கு வந்து ஒரு வேள சுடுசோறு அதுங்க கண்டதில்ல. ஒரு அடுப்பு போட வழி பண்ணுங்களேன்."

"எசமான் ஒத்துக்கணுமேம்மா" என்றேன். அவள் சொம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பெரிய ஆம்பிளை மாதிரி தலைப்பாகை கட்டிக்கொண்டு நான் சொன்ன பதில் அது.

மறுநாள் தென்கிழக்கு மூலையில், ஆள் உயரத்துக்கு மேலே, ஒரு முழச் சதுரம் மட்டும் செங்கல்லை வெறும் சேற்றில் வைத்தேன். சுண்ணாம்பில் வைத்த கல் நாளாக நாளாக இறுகும். சேற்றில் வைத்தது இரண்டு இடிக்குத் தாங்காது. மேலே பூச்சு பூசிவிட்டால் யாருக்கும் தெரியாது. தனபாக்கியத்திடம் இடத்தைக் காட்டி, "அடுப்பு மூட்டுற அன்னிக்கு ஒலக்கையால இடிங்கம்மா, பொக போயிடும்" என்றேன்.

பால்

குடிபுகும் நாளில் உடையார்பாளையத்திலிருந்தும் அரியலூரிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். புது வீடென்றால் உள்ளே பால் பொங்க வேண்டும். பத்தடிக்கு மூன்று நாள் யோசித்த மூளைக்கு இது தோன்றவே இல்லை! "அடுப்பு எங்க மாப்ள?" என்று அவருடைய மாமா கேட்டபோது பண்ணைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

அண்ணிக்காரி மூன்று செங்கல்லைத் தென்கிழக்கு மூலையில் வைத்துப் பற்றவைத்தாள். அடுப்படிப் பக்கம் போய் நாளானதால் பச்சை விறகுக்கும் காய்ந்த விறகுக்கும் அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஜன்னல் ஒன்றே ஒன்று, அதையும் சின்னதாக்கியவர் அண்ணன். வீடு முழுக்கப் புகை. பால் பொங்காமல் வெளியே போகவும் கூடாது. அத்தனை பேரும் வாசலை அடைத்துக்கொண்டு இருமினார்கள்.

"என்னய்யா கட்டித் தொலச்ச? பொக போக வழியே இல்ல!"

"நீங்கதானுங்களே கால வச்சு அழிச்சீங்க!"

அதற்குள் தனபாக்கியம் உலக்கையோடு வந்துவிட்டாள். இரண்டே இடி. கல் வெளியே எருக்குழியில் போய் விழுந்தது. புகை அந்த வழியாக இழுத்துக்கொண்டு போனது, பாலும் பொங்கி வழிந்தது, பெண்கள் குலவை போட்டார்கள்.

"நாளைக்கே அந்த ஓட்டைய அடச்சிடு. இந்த அடுப்புக் கல்லயும் எடுத்துப் போடு" என்று பண்ணைக்காரர் பல்லைக் கடித்தார்.

"செஞ்சிடலாம் எசமான். ஆனா பால் பொங்குன அடுப்பக் கலச்சா பெரிய வூட்டுக்கு ஆகாதும்பாங்க. பொக போன வழிய அடச்சாலும் அப்படித்தானாம்."

அந்த நிமிஷம் என் வாயில் பிறந்த சாஸ்திரம் அது. பக்கத்தில் நின்ற மாமா தலையை ஆட்டி, "ஆமா ஆமா, எங்கப்பாரும் சொல்லுவாரு" என்றாரே பார்க்கலாம்! சிரிப்பை அடக்க நான் வெளியே போய்விட்டேன்.

மறுநாள் காலையில் சாரப்பலகையை எடுக்கப் போனேன். அந்த ஓட்டையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. உள்ளே பிள்ளைகள் இரண்டும் சோற்றை ஊதி ஊதித் தின்றன. பெரிய வீட்டிலிருந்து அண்ணன் குரல் கேட்டது.

"ஏ பாக்கியம்! காப்பி எங்க?"

"எங்க வூட்டு வேல இன்னும் முடியலண்ணே. அண்ணிய எழுப்புங்க!"

இப்போது கட்டட வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். பிளான் கேட்டு வருகிறவரிடம் அளவு கேட்பதற்கு முன்னால், உள்ளே அடுப்பு மூட்டப் போவது யார் என்று கேளுங்கள். அவரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு குச்சியை எடுங்கள். நான் அதை வாய்விட்டுக் கேட்கப் பயந்து, திருட்டுத்தனமாகச் சேற்றில் நாலு கல்லை வைத்தேன். சுவரை இடித்தது அவள்தான்.