சின்னம்மைக்கும் பெரியம்மைக்கும் என்ன உறவு

அறுபதுகளின் நடுவில் ஒரு கோடை. காலேஜ் லீவுக்குச் செஞ்சிக்கு வந்தவள், அன்றைக்கு வாசலுக்கும் அடுப்படிக்கும் அலைந்துகொண்டிருந்தேன். பின்தெருவில் பெரியம்மை கண்டுவிட்டது. நாலு வயசுத் தங்கச்சிக்கு இன்னும் அம்மை குத்தவில்லை. அம்மை குத்துகிறவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்திருக்கிறார், மத்தியானம் வேறு ஊருக்குப் போய்விடுவார் என்றார்கள். சின்னம்மாவோ முறத்தை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் ஊர் வேர்க்கடலையான மல்லாட்டையை நிதானமாக உடைத்துக்கொண்டிருந்தாள்.

சின்னம்மா நைனாவுக்கு இரண்டாம் தாரம். என் அம்மா செத்த பிறகு வந்தவள். தங்கச்சி அவள் பெற்றது.

"அதுக்குத்தான் போன வருஷமே சின்னம்மை வந்து தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சே. ஒருதரம் வந்துட்டா மறுபடி வராதுடி."

"வந்தது சின்னம்மை. இது பெரியம்மை!"

"ரெண்டும் அக்கா தங்கச்சி. சின்னவ வந்துட்டுப் போன உடம்புக்குப் பெரியவ வரமாட்டா. குத்திக் கித்தி ஆத்தாளைச் சீண்டாத."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விலங்கியல் வகுப்பில் அப்போதுதான் வைரஸ் நடத்தியிருந்தார்கள், வாய் சும்மா இருக்குமா? முறத்திலிருந்து ஒரு மல்லாட்டையைப் பிடுங்கினேன்.

"இதோ பாரு. வைரஸ்னா இவ்ளோதான். வெளியே புரதத்துல ஒரு தோடு, உள்ளே பருப்பு. அந்தப் பருப்புலதான் அதோட வித்து இருக்குது. சிலதுக்குத் தோட்டுக்கு மேல சவ்வும் உண்டு. தானா பெருகாது, நம்ம உடம்புக்குள்ள பூந்தாத்தான் பெருகும். பருப்பு டி.என்.ஏ.வா ஆர்.என்.ஏ.வா, தோடு என்னா வடிவம், சவ்வு இருக்குதா இல்லையா, இதையெல்லாம் பார்த்துத்தான் கூட்டம் கூட்டமாப் பிரிக்கிறாங்க. பெரியம்மை செங்கல்லு மாதிரி. சின்னம்மையோட தோட்டுக்கு இருபது பட்டை. ரெண்டும் வேற வேற கூட்டம். பெரியம்மைக்குச் சொந்தம்னா அது மாட்டம்மைதான். அதனாலதான் அந்த வகை அம்மைப்பாலைக் குத்துறாங்க."

"அப்புறம் இன்னாத்துக்குச் சின்னம்மை பெரியம்மைன்னு பேரு வச்சாங்க?"

"அது சும்மா கூப்பிடுறது! கூப்பிட்டுட்டா சொந்தமாயிடுமா? ரத்த சம்பந்தமே கிடையாது!"

அவள் கை முறத்தில் நின்றுவிட்டது. நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது.

"ஐயோ, நான் அம்மையைச் சொன்னேன்."

"நானும் அம்மையைத்தான் கேட்டேன்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

முறத்தை ஒதுக்கிவிட்டு, தங்கச்சியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். பின்னாலேயே ஓடினேன். கடைத்தெரு முழுக்க ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் மேல்மலையனூருக்குப் போகிற அமாவாசைக் கூட்டம் முண்டியடித்தது. யார் மூச்சில் என்ன இருக்கிறதோ என்று எனக்கு உதறல். அம்மை குத்துகிறவர் கிளம்பிப் போயிருந்தால்? இவள் இனி என்னோடு பேசவே மாட்டாளோ?

நல்லவேளை, அவர் போகவில்லை. தங்கச்சி கையில் குத்தினார். அது ஊரைக் கூட்டியது. அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் என் பக்கம் திரும்பினார்.

"உனக்கு எப்பம்மா குத்தினது?"

"சின்ன வயசுல."

"அப்போ மறுபடி குத்தணும்."

நான் பின்வாங்கினேன். அவர் என்னையும், என்னைவிடக் கொஞ்சமே மூத்தவளாகத் தெரிந்த சின்னம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். "இது யாரும்மா உனக்கு?"

சின்னம்மா என் கையை எட்டிப் பிடித்து அவர் முன்னால் நீட்டினாள்.

"நான் பெத்ததுதான். மூத்தது. குத்துங்க."