கத்தி நிற்கும் நேரம்

மெர்டேக்கா என்று சுதந்திரம் கிடைத்த புதிதில் கஜா பெராங் வட்டாரத்தில் எனக்குச் சவரம் செய்தவர் தங்கப்பல் கட்டிய மனிதர். வெள்ளைக்காரனோடு கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எல்லாவற்றையும் கப்பலேற்றினால்தான் நாடு உருப்படும் என்பார். ஆனால் செட்டிகள் கோயிலில் மணி அடித்தாலும் பள்ளிவாசலில் பாங்கு கேட்டாலும் கத்தியை வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். ஒருநாள் சாயங்காலம் என் கன்னத்தில் சோப்பு நுரை காய்ந்தே போனது.

"மதமே வேணாங்கிறீங்க. அப்புறம் எதுக்குண்ணே நிறுத்துறீங்க?" என்று எரிச்சலோடு கேட்டேன்.

"சொந்தக் கடை தம்பி. லீவு குடுக்க முதலாளியா இருக்கான்? இவங்க கூப்பிட்டாத்தான் நான் உக்காரவே முடியுது."

"அப்ப எல்லாத்தையும் கப்பலேத்திட்டா?"

கத்தியைத் தீட்டியபடி யோசித்தார். பதில் சொல்ல வாயைத் திறந்தார், தங்கப்பல் தெரிந்தது. அதற்குள் தேவாலயத்தில் மணி அடித்தது. கத்தியை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.