அக்கா தோளில் போட்ட துண்டு

என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். எந்த ர, எந்த ற என்பது ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அச்சுக்குக் கொடுப்பவர்கள் திருத்திக்கொள்ள வேண்டும், கோபித்துக்கொள்ளக் கூடாது. அக்காவிடம் வயலின் படித்தவர்கள் ஒரு சிறப்பு மலர் கொண்டுவருகிறார்கள். தம்பி என்று என்னை அதன் வெளியீட்டு மேடையில் பேசக் கூப்பிட்டார்கள். நாலு பேர் பார்த்தாலே நான் நழுவிவிடுவேன். எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பித்தேன்.

அக்கா வயலின் பழகிய காலத்தில் நாங்கள் தொண்டாமுத்தூரில் ஒரு தென்னந்தோப்பில் குடியிருந்தோம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அங்கேயே வேலை. அக்கா கோயமுத்தூரில் கன்னியாஸ்திரீகளின் விடுதியில் தங்கிப் படித்தாள். அங்கிருந்த சிஸ்டர் ஒருவர்தான் அவளுக்கு வயலின் கற்றுக்கொடுத்தார்.

ஒரு வருடம் சென்னையிலிருந்து பெரிய இசைக்குழு ஒன்று வந்தது. அவர்களோடு அக்கா ஒரு கான்செர்ட்டோ வாசிப்பதாக ஏற்பாடு. ஒற்றை வயலின் முன்னால் நிற்க, பின்னால் இருக்கும் அத்தனை வாத்தியங்களும் அதோடு கொஞ்சியும் மல்லுக்கு நின்றும் போகிற நீளமான இசை அது. அன்றைக்கு நன்றாக வாசித்தால், குழுவை நடத்தும் பெரியவர் அவளைச் சென்னையில் சேர்த்துப் படிக்கவைப்பார். இல்லாவிட்டால் தேங்காய் பொறுக்கத் தோப்புக்குத் திரும்ப வேண்டியதுதான். விடுதியில் அவள் படிப்பு அந்த வருடத்தோடு முடிந்தது.

தோப்பை ஒட்டிய வாழைத் தோட்டத்தில் யானை இறங்கியிருந்ததால் அப்பா காவலை விட்டு வர முடியவில்லை. அம்மாவும் நானும் பஸ் ஏறிப் போனோம். அம்மா மடியில் அவளே தன் கல்யாணத்துக்குக் கட்டிய பட்டு. இளம்பச்சை, அகலமான ஜரிகை. விடுதி அறையில் அதைப் பார்த்ததும் அக்கா தயங்கினாள்.

"நூல் சேலையே போதும்மா. அதுலதான் வாசிச்சுப் பழகியிருக்கறேன்."

"அத்தன சனத்துக்கு முன்னால நூல் சேலையிலயா நிப்பே? இதைக் கட்டுனா உனக்கு ராசி கண்ணு."

அக்கா அதையே கட்டிக்கொண்டாள். அம்மா முந்தானையை மடித்து இடது தோளில் ஊக்குக் குத்தினாள். என் அக்காவா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

மதுக்கரை சிமெண்டு ஆலையில் வேலை பார்த்த மாமா, அம்மாவின் அண்ணன், நேராக அரங்கத்துக்கு வந்திருந்தார். கையில் மஞ்சள் பை. "தாய்மாமன் நான் இருக்கறப்ப எம் மருமவ வெறுந்தோளோட நிக்கறதா?" என்று பையைத் தட்டிக் காட்டினார். உள்ளே ஜரிகைச் சால்வை இருக்கும் என்று நான் நம்பினேன்.

இசை தொடங்கியபோது வெள்ளியங்கிரி மலையிலிருந்து மழை இரைந்துகொண்டு வருவது போல இருந்தது. வயலின்காரர்களின் வில்கள் எல்லாம், நடவு வயலில் பெண்கள் சேர்ந்து குனிவது போல ஒன்றாக இறங்கின. அந்த மழைக்குள் அக்காவின் வயலின் தனியாகப் புறப்பட்டது. ஆனால் அவள் அடிக்கடி தோளைத் தூக்கினாள். தாடையை இறுக்கினாள். ஓர் இடத்தில் வில் கீச்சென்றது. பெரியவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் இருந்த சிஸ்டர் ஜெபமாலையை எடுத்துவிட்டார்.

முதல் பாகம் முடிந்தது. இன்னும் இரண்டு பாகம் உண்டு. நடுவில் கைதட்டக் கூடாது என்பது அங்கே வழக்கமாம். அரங்கம் அமைதியாக இருந்தது. மாமாவுக்கு அந்த அமைதி பொறுக்கவில்லை.

"ஏனுங்க, முடிஞ்சுதுங்களா? ஒருத்தரும் கைதட்ட மாட்டீங்களா?" என்று பக்கத்துக் கோட்டுக்காரரைக் கேட்டார். அவர் வாயைத் திறப்பதற்குள் மாமா எழுந்து மேடையைப் பார்த்து நடந்துவிட்டார்.

"அண்ணா, உக்காருங்ணா!" என்று அம்மா கூப்பிட்டது அவர் காதில் விழவில்லை. மேடையேறி, மஞ்சள் பையிலிருந்து எடுத்து உதறினார். சால்வை இல்லை. சென்னிமலை நூல் துண்டு. சிவப்புக் கரை போட்ட, தலை துவட்டுகிற துண்டு.

"நல்லா வாசிச்சுப்போட்டே அம்மணி!" என்று அதை அக்காவுக்குப் போர்த்தினார். அரங்கம் சிரித்தது.

"இன்னும் பாக்கி இருக்குதுங்க மாமா. போய் உக்காருங்க."

"இன்னுமா? செரி, செரி." மாமா பெரியவரைப் பார்த்துக் கும்பிட்டார். "நீங்க நடத்துங்க சாமி. நானிருக்கறேன்."

நான் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். ஓரக்கண்ணால் பார்த்தபோது, அக்கா துண்டை நாலாக மடித்து, பட்டு முந்தானைக்கு மேலே இடது தோளில் போட்டு, அதன்மேல் வயலினை வைத்தாள். மாமாவின் மனம் நோகக் கூடாதென்று செய்கிறாள் என்று நினைத்தேன்.

பிறகு வாசித்தாள் பாருங்கள்! மோட்டாரை நிறுத்தியதும் வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் மிஞ்சுமே, இரண்டாம் பாகம் அப்படி. சிரித்த கூட்டம் இருமக்கூட இல்லை. தோளைத் தூக்கவேயில்லை அவள், கண்ணை மூடிக்கொண்டாள். மூன்றாம் பாகத்தில் அத்தனை வாத்தியங்களும் துரத்த, கையில் சிக்காமல் ஓடினாள். முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். பெரியவர் கீழே இறங்கி வந்து அம்மாவிடம், "சென்னைக்கு அனுப்பி வைக்கிறீர்களா?" என்று கேட்டார்.

எங்களை ஊரில் கொண்டுவிட மாமாவும் வந்தார். பஸ்ஸில் நான் அவர் பக்கத்தில் உட்காரவில்லை. அவர் வாங்கித் தந்த பன்னையும் தொடவில்லை. துண்டைப் போட்டு மானத்தை வாங்கியும் அக்கா ஜெயித்துவிட்டாள் என்பதுதான் அன்று எனக்குத் தெரிந்த கதை.

போன வருடம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பட்டுப்பாவாடை, பட்டுச் சட்டையோடு வந்த ஒரு சிறுமி வயலினை வைக்க முடியாமல் நெளிந்துகொண்டிருந்தாள். அக்கா கொடியில் கிடந்த நூல் துண்டை எடுத்து அவள் தோளில் மடித்துப் போட்டாள். "பட்டு வழுக்கும் கண்ணு. இப்ப வெய்யி, நகராது."

நான் அக்காவைப் பார்த்தேன். அம்மா இருந்த உள்ளறையைக் கண்ணால் காட்டி, அவள் உதட்டில் விரலை வைத்தாள்.

அம்மா தன் கடைசிக் காலம்வரை, வந்தவர் போனவரிடமெல்லாம் அந்தப் பச்சைப் பட்டுதான் மகளுக்கு ராசி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும், "ஆமாங்க" என்று அக்காதான் முதலில் தலையாட்டுவாள்.

ஆடிப்பெருக்கு கழிந்த ஞாயிற்றுக்கிழமை எழுதி முடித்தேன்.